வாத்துகளுக்கு நாடாப்புழு: எந்த மருந்து, என்ன அளவு?

மன்னார்குடி பக்கத்துக் கிராமம். கொல்லையில் 12 நாட்டு வாத்துகளும் 7 கோழிகளும் வளர்க்கிறேன். மூன்று வாரமாக வாத்துகள் மட்டும் மெலிந்துகொண்டே போகின்றன. தீனியை அள்ளி அள்ளித் தின்கின்றன. ஆனால் தூக்கினால் நெஞ்செலும்பு கத்திபோல் கையில் குத்துகிறது. தினம் 8 முட்டை கிடைத்த இடத்தில் இப்போது 3. எச்சத்தில் அரிசிமணி போல வெள்ளைத் துண்டுகள் நெளிகின்றன. அறுப்பு முடிந்த வயலில் நத்தை பொறுக்கப் போனது முதல்தான் இப்படி.

வேப்பிலையும் பூண்டும் அரைத்துக் கொடுத்தேன், பலனில்லை. பிறகு கடையில் தந்த பைபரசினைத் தண்ணீரில் கலந்து ஒரு நாள் வைத்தேன். வாத்துகள் குடித்ததைவிட அதில் குளித்ததுதான் அதிகம்! அது உருண்டைப்புழுவுக்கான மருந்து, நாடாப்புழுவை அசைக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. வயலுக்கு விடுவதை நிறுத்தி 10 நாள் ஆகிறது. கால்நடை மருத்துவர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த வாரம்தான் வருவார். ஆட்டுக்கு வாங்கிய அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து வீட்டில் இருக்கிறது. அளவு தெரியாமல் தொடப் பயமாக இருக்கிறது.

ஒரு வாத்து ஒன்றரைக் கிலோ இருக்கும். நாடாப்புழு கண்ட வாத்துக்கு உங்கள் மருத்துவர் எந்த மருந்தை, எந்த அளவில், முட்டையை எத்தனை நாள் ஒதுக்கச் சொல்லிக் கொடுத்தார்?