மறு: விற்பனை வரி கட்டுவதைத் தள்ளிவைப்பதற்குத் தமிழில் என்ன?

வணக்கம்.

வசூலித்த விற்பனை வரியை நிறுவனம் பின்னால் கட்டிக்கொள்ளலாம் என்று அரசு விடும் ஏற்பாட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது, பரிந்துரைகளும் ஏழெட்டு சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரு முறை படித்துவிட்டு எழுதுகிறேன். எனக்குப் பிடித்த சொல்லைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்த ஏற்பாட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் ஓசை நன்றாக இருக்கிறதா என்பதிலேயே நின்றுவிடுவோம்.

> “வரித் தள்ளிவைப்பு” என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், தப்பாகப் புரியும். வியாபாரம் படுத்துக் கிடக்கும் நேரத்தில் ‘வரி தள்ளி…’ என்று தலைப்பைப் பார்த்தவுடன் கண் அதைத் ‘தள்ளுபடி’ என்று முடித்துப் படித்துவிடும். கட்டவே வேண்டாம் போலிருக்கிறது என்று அந்தப் பணத்தைச் சம்பளத்துக்கும் வாடகைக்கும் கொடுத்துவிட்டு, கெடு வரும் மாதத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். போதாததற்கு ஆளைத் தள்ளிவைப்பது, ஊரை விட்டுத் தள்ளிவைப்பது என்ற வேறு வாசனையும் அந்தச் சொல்லுக்கு உண்டு. பேச்சில் ‘தள்ளிப்போட்டிருக்கிறார்கள்’ என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை. அரசாணைத் தலைப்பில் வேண்டாம்.

> “வரி ஒத்திவைப்பு” சுருக்கமாக இருக்கிறது, வழக்கிலும் இருக்கிறது.

ஒத்திவைப்பு பக்கம்தான் நானும். வழக்கு, தேர்வு, பேரவைக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதுதான் ஓடுகிறது; நடக்காமல் போகாது, பின்னால் நடக்கும் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ‘வரி’யோடு நேராகச் சேர்த்தால் இரண்டு சிக்கல் வருகிறது.

முதலாவது, அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. நிறுவனக் கணக்கில் ‘ஒத்திவைத்த வரி’ என்று ஒன்று இருக்கிறது, பன்னாட்டுக் கணக்கியல் தரம் 12 என்ற விதித்தொகுப்பின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான். அது வருமான வரி விவகாரம்: ஏட்டில் காட்டும் லாபத்துக்கும் வரித்துறை ஏற்கும் லாபத்துக்கும் இடையே காலம் முன்பின்னாக இருப்பதால் ஐந்தொகையில் (சொத்தும் கடனும் காட்டும் பட்டியலில்) தோன்றும் ஒரு தொகை. தேய்மானத்தை நாம் ஒரு வேகத்தில் கழிக்க, வரிச்சட்டம் வேறொரு வேகத்தில் கழிக்க, வருகிற வித்தியாசம் போன்றது. யாரும் யாரிடமும் அவகாசம் கேட்டு அது வருவதில்லை. கணக்காளர் ஒருவரிடம் ‘வரி ஒத்திவைப்பு’ என்றால் அவர் அங்கேதான் போவார்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தச் சலுகையில் வரி ஒத்திவைக்கப்படுவதே இல்லை. விற்றவுடன் வரி விழுந்துவிடுகிறது, விலைச்சீட்டில் (பில்லில்) ஏறிவிடுகிறது, ரொக்கத்துக்கு வாங்குபவர் கொடுத்தும்விடுகிறார். அவருக்கு ஒரு காசு குறைவதில்லை. விற்றவர் கையிலிருந்து அரசுக்குப் போகும் அந்தக் கடைசி நகர்வு மட்டும்தான் தள்ளிப்போகிறது. அதுவும் முழுத்தொகை அல்ல. மதிப்புக் கூட்டு முறையில், அதாவது கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டும் முறையில், ஒருவர் விற்பனையில் 100 வரி வசூலித்து, கொள்முதலில் 60 கொடுத்திருந்தால், அரசுக்குக் கட்ட வேண்டிய 40க்குத்தான் அவகாசம். மீதி 60 அவருக்குச் சரக்கு விற்றவர்களின் கணக்கில் உட்கார்ந்திருக்கும், அவர்களுக்கும் அவகாசம் உண்டென்றால் அது தனிக்கதை.

பிரிட்டன் 2020ல் செய்ததைப் பாருங்கள். மார்ச் 20க்கும் ஜூன் 30க்கும் இடையில் கட்ட வேண்டிய மதிப்புக் கூட்டு வரியை 2021 மார்ச் 31 வரை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். விண்ணப்பம் கிடையாது, வட்டி கிடையாது. ஆனால் கணக்குப் படிவத்தை வழக்கமான நாளிலேயே தாக்கல் செய்தாக வேண்டும். வங்கியில் தானியங்கிப் பற்றுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தவர்கள் தாங்களே போய் அதை ரத்து செய்ய வேண்டும், மறந்தால் பணம் வழக்கம்போல் போய்விடும். கெடு நெருங்கியபோது பலரால் மொத்தமாகக் கட்ட முடியாது என்று தெரிந்து, 11 தவணை வரை பிரித்துக் கட்டலாம் என்று இன்னொரு திட்டம் கொண்டுவந்தார்கள். அதிலும் சேராமல், கட்டவும் செய்யாமல் 2021 ஜூன் 30ஐத் தாண்டினால் 5% அபராதம் என்றார்கள். இதில் எந்த இடத்திலும் ‘வரி’ அசையவில்லை, செலுத்தும் நாள் மட்டும்தான் அசைந்தது.

> “கெடு நீட்டிப்பு” போதாதா? ஏன் புதுச்சொல்?

போதாது, அது வேறொரு பொருளுக்குத் தேவைப்படுகிறது. கலிபோர்னியாவில் அதே 2020ல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. 10 லட்சம் டாலருக்குக் குறைவாக வரி காட்டும் படிவங்களுக்குத் தாக்கல் செய்யவும் கட்டவும் மூன்று மாதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அது கெடு நீட்டிப்பு. அப்புறம், ஆண்டு விற்பனை 50 லட்சம் டாலருக்குக் குறைவான சிறு நிறுவனங்கள் 50,000 டாலர் வரையிலான விற்பனை வரியை வைத்துக்கொண்டு 12 மாதத் தவணையில் வட்டியில்லாமல் கட்டலாம் என்றார்கள். அது நாம் பேசும் சங்கதி. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அந்த அறிவிப்பையே மொழிபெயர்க்க முடியாது.

இந்தியாவில் நடந்தது மூன்றாவது வகை. 2020 ஏப்ரல் 3ஆம் தேதி வந்த ஜிஎஸ்டி அறிவிக்கைகளை ‘அவகாசம்’ என்று எல்லாரும் எழுதினார்கள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதக் கணக்குகளுக்குக் கடைசி நாளை அவை தொடவே இல்லை. 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு முதல் 15 நாள் வட்டி இல்லை, அதன்பின் ஜூன் 24 வரை 18%க்குப் பதில் 9%. அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட தேதிகள் வரை வட்டியே இல்லை. தாமதக் கட்டணமும் விலக்கு. அதாவது ‘நீ தாமதம்தான், ஆனால் தண்டிக்க மாட்டேன்’ என்ற நிலை. இதற்கு வட்டிச் சலுகை என்றோ வட்டி விலக்கு என்றோ பெயர் வைக்கலாம், ஒத்திவைப்பு என்று வைக்கக் கூடாது. படிவத்தில் கடைசி நாள் என்று ஒரு தேதி இருந்து, அது கடந்துபோயிருந்தால், ஒத்திவைப்பு என்று சொல்லி யாரையும் நம்பவைப்பது ஆபத்து.

> பொருளாதாரப்படி இது கடன்தான். “வரிக்கடன்” என்று நேர்மையாகச் சொல்லிவிடுவோம்.

வாதம் சரி. வரலாறும் உங்கள் பக்கம். மாநில அரசுகள் புதுத் தொழிற்சாலைகளை இழுக்க விற்பனை வரியைப் பல ஆண்டு வைத்திருந்து பிறகு கட்டச் சொன்ன திட்டங்கள் நினைவிருக்கும். வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவு, வரியை உண்மையில் கட்டினால்தான் செலவாகக் கழிக்கலாம் என்று சொன்னபோது இந்த நிறுவனங்கள் மாட்டிக்கொண்டன, கட்டாமல் இருப்பதுதானே அவர்களுக்குக் கிடைத்த சலுகை. 1987ல் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு வழி சொன்னது: மாநிலம் தன் சட்டத்தைத் திருத்தி, வரி கட்டப்பட்டுவிட்டதாகவும் அதே தொகை நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டதாகவும் கொண்டால், கழித்துக்கொள்ளலாம். அரசே இதைக் கடன் என்று எழுதிவைத்த இடம் அது.

ஆனாலும் ‘வரிக்கடன்’ வேண்டாம் என்பேன். உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலில் கொடுத்துவிட்டுக் கழித்துக்கொள்ளும் வரியை, சிலர் ‘உள்ளீட்டு வரிக் கடன்’ என்றுதான் எழுதுகிறார்கள். அரசிடமிருந்து வரவேண்டியதும் அரசுக்குக் கொடுக்கவேண்டியதும் ஒரே பெயரில் நின்றால் கணக்கு எழுதுகிறவர் பாவம்.

‘மற்றவர் பணத்தை வைத்துக்கொள்ளவா சலுகை?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். பணம் கைக்கு வந்திருந்தால் அந்தக் கேள்வி நியாயம். கடனுக்கு விற்றவர் நிலை வேறு. விலைச்சீட்டு போட்ட மாதத்திலேயே பெரும்பாலும் வரி விழுந்துவிடுகிறது, வாங்கியவர் மூன்று மாதம் கழித்தும் கொடுப்பதில்லை. அப்போது வரி அவர் கைக்காசிலிருந்துதான் போகிறது. நெருக்கடியில் முதலில் நிற்பது இப்படி வரவேண்டிய பாக்கிதான். அதனால் இந்த ஏற்பாட்டைக் கெட்ட வாடை அடிக்கும் சொல்லால் குறிக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன். ‘வாய்தா’வை யாரோ வேடிக்கையாகச் சொன்னார்கள். கொடுக்கவும் வாங்கவும் வசதியான சொல், ஆனால் வாய்தா வாங்கியவர் கட்டுவார் என்று யார் நம்பப்போகிறார்கள்? ‘வரிக்கெடு’வும் வேண்டாம், ‘வரியைக் கெடு’ என்று கட்டளைபோல் ஒலிக்கிறது.

சரி, என் பரிந்துரை: செலுத்தல் ஒத்திவைப்பு. முதல் முறை வரும்போது ‘விற்பனை வரிச் செலுத்தல் ஒத்திவைப்பு’ என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். மதிப்புக் கூட்டு வரியைப் பெறுமதி சேர் வரி என்று எழுதும் இலங்கை நண்பர்களும் முன்பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். ‘ஒத்தி’ மட்டும் தனியே நிற்கவிடாதீர்கள், அது அடமானம் ஆகிவிடும். அந்தத் தொகையை ‘நிலுவை’ என்றும் எழுத வேண்டாம், நிலுவை என்றால் கெடு தாண்டியது என்று பொருள், இதற்குக் கெடு இன்னும் வரவில்லை. ‘ஒத்திவைத்த தொகை’ போதும்.

எனக்கு இன்னும் தீராத ஒன்று வினைச்சொல். ஒத்திவைப்பது எப்போதும் அதிகாரம் உள்ளவர் வேலை: நீதிபதி ஒத்திவைப்பார், வழக்காடுபவர் ஒத்திவைக்க முடியாது. பிரிட்டன் திட்டத்திலோ வைத்துக்கொள்வதா கட்டுவதா என்று முடிவெடுத்தது நிறுவனம். ‘நிறுவனம் வரியை ஒத்திவைத்தது’ என்று எழுதினால் ஏதோ தன்னிஷ்டத்துக்குச் செய்ததுபோல் இருக்கிறது. இப்போதைக்கு ‘அரசு ஒத்திவைப்பு வழங்கியது, நிறுவனம் ஒத்திவைப்பைப் பயன்படுத்திக்கொண்டது’ என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நீளம்தான். இதைவிடச் சிறிதாக யாருக்காவது கிடைத்தால் ஒரு வாக்கியத்தில் வைத்து அனுப்புங்கள், தனிச்சொல்லாக வேண்டாம்.