புதுப்பிப்பு: பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்? மின்ட் போட்டாச்சு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, விண்டோஸ் 11 ஏறாத 4 ஜிபி ரேம் லேப்டாப்பில் முதல் லினக்ஸாக (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம், பல வகைகளில் வருகிறது) எதைப் போடலாம் என்று கேட்டிருந்தேன். உபுண்டு, மின்ட், ஃபெடோரா என்று ஆளுக்கொன்று சொன்னீர்கள். (புதிதாக வருகிறவனிடம், கைதேர்ந்தவர்களுக்கான "ஆர்ச் போடு" என்ற அண்ணனுக்குத் தனி வணக்கம்.)

நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே லைவாக ஓட்டிப் பாருங்கள் என்றதுதான் உருப்படியான யோசனை. உபுண்டு 24.04 கண்ணுக்கு அழகு. ஆனால் அதன் க்னோம் மேசைச்சூழல் (திரையில் தெரியும் மெனு, சன்னல்கள் எல்லாம்) 4 ஜிபிக்குக் கொஞ்சம் கனம். மின்ட் 22-ம் அதே 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டதுதான். எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு மேசைச்சூழலோடு வரும் அதன் பதிப்பு இலகுவானது, 2029 வரை புதுப்பிப்புகளும் வரும். சரி என்று அதையே போட்டுவிட்டேன்.

வைஃபை மட்டும் அடம்பிடித்தது. நெட் இல்லாமல் அதற்கான டிரைவரை (வைஃபை கருவியை இயக்கும் மென்பொருள்) எங்கே போய் இறக்குவது? போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, டெதரிங்கை (போனின் நெட்டைப் பகிரும் வசதி) ஆன் செய்ததும் நெட் கிடைத்தது. டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வைஃபைக்கான டிரைவர் அங்கேயே பட்டியலில் இருந்தது. தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது. கருப்புத் திரையில் கட்டளை எதுவும் அடிக்கவில்லை.

தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்ய ஐபஸ் எம்17என் என்ற மென்பொருள் பொதியை நிறுவினேன். இந்தப் பதிவே அதில் தட்டியதுதான். அப்புறம், பழைய பிரிண்டர் ஒன்று பாக்கி. அதற்குத் தனி இழை போடுகிறேன்.