மாத்திரைக்கு முன்னால் கேட்க வேண்டியவை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மனநல சமூகப் பணியாளர், தென்மாவட்டம்:

எட்டு வருடமாக மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை பார்க்கிறேன். மனச்சிதைவுக்கு மருந்து எடுக்கும் ஒரு தம்பி, மூன்றாவது தடவையாக மாத்திரையை நிறுத்திவிட்டு, காதில் குரல் கேட்கிறது என்று ஓ.பி.க்கு வந்திருந்தார். முந்தைய இரண்டு தடவையும் கேஸ் ஷீட்டில் ஒரே வரிதான்: "மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை."

அன்றைக்கு ஏனோ, "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"டீ."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "அந்த மாத்திரையப் போட்டா வயிறு காந்துதுக்கா. நடுராத்திரி எந்திரிச்சு சட்டியத் தொறந்து பாத்தா ஒண்ணும் இருக்காது. அதான் போடல."

அவர் எடுக்கும் ஓலான்சபின் மாத்திரை பசியைக் கிளப்பும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எடை பார்ப்போம், சர்க்கரை பார்ப்போம். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்டதில்லை. விசாரித்தால், அவர் முன்பு ஏழு மாதம் காணாமல் போயிருந்தபோது ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். திரும்பச் சேர்க்க ஆதார் வேண்டும். அந்த அலைச்சலில் அதுவும் தொலைந்திருந்தது. பெயரைச் சேர்க்க இரண்டு மாதம் நடந்தோம்.

இப்போது யார் வந்தாலும் சாப்பாடு, தங்குமிடம், பஸ் செலவு, கையில் இருக்கும் அட்டைகள், வீட்டில் அடி உதை உண்டா என்று கேட்டுவிடுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

ஒரு அக்கா, டெல்டா பக்கம்:

என் தம்பிக்கு மாற்றுத்திறனாளிச் சான்று வாங்கப் போன கதை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. ஆனால் பாதிப்பு 40 சதவீதமாவது இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறருடன் பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு விஷயத்துக்கு மதிப்பெண் போடுவார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் நாளே அவனுக்குச் சவரம் செய்துவிட்டு, தீபாவளிச் சட்டையைப் போட்டுக் கூட்டிப்போனேன். "தானா குளிக்கிறாரா?" என்று டாக்டர் கேட்டதும் "குளிப்பான் சார்" என்றேன். நாலு பேர் நிற்கிற அறையில் வேறு எப்படிச் சொல்வது? சதவீதம் பத்தவில்லை.

அடுத்த முறை உள்ளதைச் சொன்னேன். நான் தண்ணீர் மொண்டு ஊற்றி, சோப்பைக் கையில் கொடுத்து, பக்கத்திலேயே நின்றால்தான் குளிப்பான். சான்று கிடைத்தது. டவுன் பஸ்ஸில் எனக்கு முன்னமே டிக்கெட் இல்லை. இப்போது அவனுக்கும் இல்லை. ஊசிக்குப் போகும் நாளில் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

இருதுருவ நோயுடன் வாழ்பவன்:

எனக்குச் சில காலம் மனசு எல்லை மீறித் துள்ளும், சில காலம் அப்படியே சோர்ந்து விழும். அதற்கு லித்தியம் மாத்திரை எடுக்கிறேன். செங்கல் சூளை வேலை. சித்திரை வெயிலில் கை நடுங்கி, வயிற்றால் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வியர்த்து உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும் என்று அப்போதுதான் சொன்னார்கள். அதுவரை என்ன வேலை பார்க்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சமூகப் பணியாளர் அக்கா, நீங்கள் கேட்பது நல்லதுதான். ஆனால் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதும் இருக்கிறது. அண்ணி பக்கத்தில் நிற்கும்போது, "வீட்ல நல்லா பாத்துக்கறாங்களா?" என்று என்னிடம் ஒரு மேடம் கேட்டார். நான் இருப்பது அண்ணி வீட்டுத் திண்ணை, சாப்பிடுவது அவர் போடும் சோறு. என்ன சொல்ல முடியும்? "நல்லா பாத்துக்கறாங்க" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மனநல சமூகப் பணியாளர், தென்மாவட்டம்:

தம்பி, நானும் பல பேரிடம் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து, கூட வந்தவர்களிடம் சீட்டைக் கொடுத்து மருந்துக் கவுண்டர் வரிசைக்கு அனுப்பிவிட்டு, அப்புறம்தான் கேட்கிறேன். நேற்று ஒரு அம்மா, அவர் மகன் அந்தப் பக்கம் போனதும், என் நாற்காலிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.