"அசல் என்றைக்கும் குறையாது": இப்படிச் சொல்லி நன்கொடை கேட்பது சரியா?

தராசு:
முதியோர் பராமரிப்புச் செலவு பற்றிய இழையில் நண்பர் கவராயம் நேற்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினார்: "எங்கள் சகோதரத்துவச் சங்கத்தின் அறக்கட்டளை நிதியில் 1000 டாலர் போட்டால் வருடாவருடம் 50 டாலர் எங்கள் இல்லங்களுக்குப் போகும். அசல் என்றைக்கும் குறையாது." கொடையை முதலீடு செய்து வைத்து, வருடாவருடம் அதிலிருந்து ஒரு பங்கை மட்டும் முதியோர் இல்லங்களுக்குச் செலவழிக்கும் நிதி அது. பதினான்கு பேர் அந்த வரிக்கு விருப்பம் போட்டிருக்கிறார்கள். எனக்கு ராத்திரி முழுக்க அந்தக் கடைசி மூன்று சொல் தொண்டையில் முள்ளாக நின்றது.

குறையாது என்றால் எந்தக் கணக்கில்? விலைவாசி வருடத்துக்கு 3 விழுக்காடு ஏறினால் 24 வருடத்தில் அந்த 1000 டாலரின் வாங்கும் திறன் பாதியாகிவிடும். காகிதத்தில் எண் அப்படியே இருக்கும். அந்த 50 டாலருக்குக் கிடைக்கிற செவிலியர் நேரம் பாதிதான். படுக்கையில் கிடக்கிறவருக்கு எண்ணால் என்ன பயன்?

கவராயம்:
22 வருடமாக மேசன் லாட்ஜில், அதாவது ஃப்ரீமேசன் சகோதரத்துவச் சங்கத்தின் கிளையில், இருக்கிறேன். இரண்டு முறை தலைவருக்குரிய கிழக்கு இருக்கையில் உட்கார்ந்து கூட்டம் நடத்தியவன். எங்கள் நிதிப் பத்திரத்தில் அசலைத் தொடக் கூடாது என்று எழுத்தில் இருக்கிறது. நான் எழுதியது அதைத்தான்.

இது எப்படிச் சேரும் பணம் என்று தெரியாமல் பேசாதீர்கள். கூட்டம் முடிந்ததும் தர்மப் பை சுற்றி வரும். மூடிய கையை உள்ளே விட்டு அங்கேதான் விரலைத் திறப்போம். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. அப்புறம் ஆண்டுச் சந்தாவில் ஒரு பங்கு, இறந்த சகோதரர் நினைவாகக் குடும்பம் தருவது, உயிலில் எழுதி வைப்பது. கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் 1867-ல், உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே வருடத்தில், விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் இல்லம் தொடங்கியவர்கள் மேசன்கள். ஒன்றரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. குறைகிற நிதியை வைத்துக்கொண்டா இவ்வளவு காலம் ஓட்டுவார்கள்?

தராசு:
"தொடக் கூடாது" வேறு, "குறையாது" வேறு. முதலாவது நிர்வாகிகளுக்குப் போட்ட கட்டு. இரண்டாவது பங்குச் சந்தைக்குப் போட்ட கட்டளை. சந்தை உங்கள் கட்டளைக்குப் பணியுமா?

கணக்கு போடுவோம். பெரும்பாலான நிதிகள் கடைசி மூன்று வருட மதிப்பின் சராசரியில் 4 முதல் 5 விழுக்காடு எடுக்கின்றன. இரண்டு வருடம் 1000 டாலராக இருந்த நிதி மூன்றாம் வருடம் 600-க்கு விழுகிறது. சராசரி 867. அதில் 5 விழுக்காடு 43 டாலர். 600-லிருந்து 43-ஐ எடுத்தால் கையில் இருப்பதில் 7 விழுக்காட்டுக்கு மேல் போய்விடுகிறது. விழுந்து கிடக்கிற நிதியிலிருந்து இன்னும் வேகமாக எடுக்கிறீர்கள். இதற்குப் பெயர் அசல் குறையாததா?

கவராயம்:
விழுந்த சந்தை மறுபடி ஏறியதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? உங்களுக்கு வசதியான வருடத்தில் படத்தை நிறுத்திவிட்டுப் பேசுகிறீர்கள். போன வருடம் இன்னொரு இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள்.

அதோடு, வருடத்துக்கு 5 விழுக்காடு கொடுத்தே தீர வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமே இருக்கிறது. நாங்களாக விரும்பி எடுப்பது இல்லை.

கணக்கன்:
அந்த 5 விழுக்காடு சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கு மட்டும். பொதுமக்களிடம் நன்கொடை திரட்டும் தொண்டு நிறுவனங்களுக்குப் பொருந்தாது. முதலில் எந்த நிதியைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். கொடுத்தவரே "அசலை வைத்திருங்கள்" என்று நிபந்தனை போட்டது ஒரு வகை. குறிப்பிட்ட காலம் மட்டும் கட்டி வைப்பது இன்னொரு வகை. நிர்வாகக் குழு தானாக ஒதுக்கி வைத்து "நிதி" என்று பெயரிட்டது மூன்றாவது; அதைக் குழுவே தீர்மானம் போட்டு மொத்தமாகச் செலவழிக்கலாம்.

மாநிலங்கள் விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம் என்று 1972-ல் வந்த மாதிரிச் சட்டம் கொடை வந்த நாளின் டாலர் மதிப்பைக் கீழ்வரம்பாக வைத்தது. 2006-ல் வந்த புதிய மாதிரிச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டு விவேகத்தோடு செலவழித்தால் போதும் என்றது. பென்சில்வேனியா மாநிலம் அதை ஏற்கவில்லை. அங்கே 1998-ஆம் வருடச் சட்டப்படி 2 முதல் 7 விழுக்காட்டுக்குள் ஒரு விகிதத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். கவராயம் ஐயா, உங்கள் நிதி இதில் எந்த வகை, எந்த மாநிலம்?

தராசு:
வகை பிரிப்பதெல்லாம் சரி, கணக்கன். ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: 2006-க்கு அப்புறம் கீழ்வரம்பே கிடையாது. கொடுத்த அசலுக்குக் கீழேயும் போகலாம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. இவர் குறையாது என்கிறார்.

கவராயம்:
விவேகத்தோடு என்ற சொல்லை விழுங்கிவிட்டீர்கள். எங்கள் முதலீட்டுக் குழுவில் இருப்பவர்கள் ஒரு காசு சம்பளம் வாங்காத மூத்தவர்கள். அவர்களுடைய விவேகத்தை ஒரு பெருக்கல் கணக்கை வைத்துக்கொண்டு நீங்கள் எடைபோட வேண்டாம்.

இரவுப்பணி:
இப்படி ஒரு சங்கம் நடத்தும் இல்லத்தில் 9 வருடம் இரவுப் பணி பார்த்தவள் நான். எந்தச் சங்கம், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அங்கே ஒரு பெரியவர் இருந்தார். 50 வருட உறுப்பினருக்குத் தரும் சின்ன எனாமல் ஊசியைத் தூங்கும்போதுகூட இரவுச் சட்டையின் காலரில் குத்தியிருப்பார். படுக்கையில் திரும்பும்போது குத்திவிடுமோ என்று ராத்திரி பத்து மணிக்கு நான் கழற்றிக் கிண்ணத்தில் வைப்பேன். விடிகாலை நாலரைக்கு விழித்ததும் முதலில் அதைத்தான் தேடுவார். இல்லத்துக்குள் வந்தபோதே வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டவர். சாகும்வரை பார்த்துக்கொள்கிறோம் என்பது ஒப்பந்தம். பழைய காலத்தில் பல சங்கங்களில் அதுதான் முறை.

சந்தை விழுந்த வருடம் எங்கள் தாழ்வாரத்தில் இரவுக்கு இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒருவர் ஆனோம். மணி அடித்தால் ஓடிப் போக முடியாது. இன்னொரு அறையில் ஒருவரைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பேன். அசல் குறைந்ததா குறையவில்லையா என்று எனக்குத் தெரியாது. ஆள் குறைந்தது தெரியும்.

தராசு:
இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்கிறேன். நன்றி அம்மா.

கவராயம்:
எந்த இல்லம் என்று சொல்லாமல் குற்றம் மட்டும் சொல்வது நியாயம் இல்லை. எங்கள் இல்லத்தில் இப்படி நடந்ததே கிடையாது. ஆள் குறைந்ததற்கு, வசதியற்றவர்களின் மருத்துவச் செலவுக்கான அரசின் மெடிக்கெய்ட் திட்டம் தருகிற தொகை காரணமாக இருக்கும். அது உண்மையான செலவை ஈடுகட்டுவதே இல்லை. மீதியை நிரப்புவதற்குத்தானே இந்த நிதியே இருக்கிறது.

இரவுப்பணி:
நான் யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. அந்த ராத்திரிகளைச் சொன்னேன். "நடந்ததே கிடையாது" என்கிறீர்களே, உங்கள் இல்லத்தில் ராத்திரி மூன்று மணிக்கு ஒரு முறையாவது இருந்திருக்கிறீர்களா?

ஊர்க்குருவி:
பெரிய உதாரணத்தை யாரும் எடுக்கவில்லையே. குழந்தைகளுக்கு மருத்துவமனை நடத்தும் ஷ்ரைனர்கள் என்ற சங்கத்தார் 1920-ல் ஆளுக்கு வருடம் 2 டாலர் வசூல் என்று தீர்மானித்து, 1922-ல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் முதல் மருத்துவமனையைத் திறந்தார்கள். 2009-ல் அவர்கள் நிதி ஏறக்குறைய 800 கோடி டாலரிலிருந்து 500 கோடிக்கு வந்தது. ஆறு மருத்துவமனைகளை மூடலாமா என்ற பேச்சு மாநாட்டு வாக்கெடுப்பு வரை போனது. மூட வேண்டாம் என்று முடிவாயிற்று. ஆனால் அதுவரை யாரிடமும் கட்டணம் வாங்காதவர்கள் காப்பீட்டுப் பணம் வாங்கச் சம்மதித்தார்கள்.

கவராயம்:
அது குழந்தைகள் மருத்துவமனை. இங்கே பேச்சு முதியோர் இல்லம். சம்பந்தமே இல்லை.

ஊர்க்குருவி:
ஷ்ரைனர் ஆக முதலில் மேசனாக இருக்க வேண்டும். உங்கள் சகோதரர்கள்தானே? பெருமை பேசும்போது குடும்பம், நஷ்டம் வந்தால் அடுத்த வீடா? முதியோர்தான் வேண்டும் என்றால் மூஸ் என்ற இன்னொரு சகோதரத்துவச் சங்கத்தைப் பாருங்கள். ஃபுளோரிடாவில் ஆரஞ்சு பார்க்கில் 1922-ல் மூஸ்ஹேவன் என்ற முதியோர் இல்லத்தைத் திறந்தார்கள். இன்றும் அதற்கு நன்கொடை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அசலே பார்த்துக்கொள்ளும் என்றால் எதற்குக் கேட்க வேண்டும்?

கவராயம்:
கேட்பது வளர்ச்சிக்கு. இங்கிலாந்தில் எங்கள் சகோதரர்கள் 1850-லேயே குராய்டனில் வயதான மேசன்களுக்கு இல்லம் கட்டினார்கள். இன்றும் அங்கே ஒவ்வொரு மாகாணமும் முறை வைத்து, சில வருடம் தொடர்ந்து "விழா" என்ற பெயரில் நிதி திரட்டும். கொடுத்தவர் பதக்கம் அணிந்து வருவார். கொடுப்பதில் மகிழ்ச்சி என்று ஒன்று இருப்பது உங்களுக்குப் புரியாது.

தராசு:
மகிழ்ச்சியை யாரும் மறுக்கவில்லை. பதக்கத்தின் பின்பக்கம் "குறையாது" என்று எழுதாதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் எண்ட்டோமெண்ட் என்கிற இந்த நிதியை "அறக்கட்டளை நிதி" என்று எழுதியதும் தவறு. அறக்கட்டளை என்பது நிறுவனம். இது நிலைநிதி.

கணக்கன்:
பல்கலைக்கழகங்களில் "அறக்கட்டளைச் சொற்பொழிவு" என்கிறோமே, அங்கே நிதியைத்தானே குறிக்கிறோம்? இரண்டு பொருளும் வழக்கில் உண்டு. என் கேள்வி அப்படியே நிற்கிறது: எந்த வகை?

ஊர்க்குருவி:
பழைய சொல்லே இருக்கிறது. கோயிலில் நந்தா விளக்கு அணையாமல் எரிய, நெய்க்காக ஆடு விடுவார்கள். கல்வெட்டில் "சாவா மூவாப் பேராடு" என்று வெட்டியிருக்கும். ஒரு விளக்குக்கு 96 ஆடு.

கவராயம்:
பார்த்தீர்களா! சாகாது, மூப்படையாது. நம் முன்னோர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்.

தராசு:
ஆடு சாகாது என்றா நினைத்தீர்கள்? செத்த ஆட்டுக்குப் பதில் குட்டியை விட்டு எண்ணிக்கையை நிரப்ப வேண்டிய பொறுப்பு ஒரு மேய்ப்பவன் தலையில் இருந்தது. உங்கள் 1000 டாலர் 600 ஆனபோது யார் தலையில் அந்தப் பொறுப்பு? இந்த அம்மா தனியாக நின்ற தாழ்வாரத்தில்தானே அது விழுந்தது!

ஊர்க்குருவி:
90 ஆடு என்றும் கல்வெட்டு உண்டு. 96 என்று ஒரேயடியாகச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

கவராயம்:
மறுபடியும் 600. அந்த 600 உங்கள் கற்பனை. எங்கள் நிதியில் அப்படி நடந்ததற்கு ஆதாரம் காட்டுங்கள்.

தராசு:
காட்ட வேண்டியவர் நீங்கள். அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் வரித்துறைக்குத் தரும் படிவம் 990-ல் அட்டவணை டி, ஐந்தாம் பகுதியில் இந்த நிதியின் ஐந்து வருட வரலாறு இருக்கும்: தொடக்க இருப்பு, வந்த கொடை, முதலீட்டு லாப நஷ்டம், எடுத்த தொகை, இறுதி இருப்பு. எந்தப் பங்கு நிரந்தரம், எந்தப் பங்கு குழு ஒதுக்கியது என்றும் இருக்கும். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன். புதிதாக வந்த கொடையைக் கழித்துவிட்டுப் பாருங்கள். பல நிதிகள் "வளர்ந்தது" போலத் தெரிவது புதிதாக இறந்தவர்களின் உயில் பணத்தால்.

கவராயம்:
உயில் எழுதிவிட்டுப் போன என் சகோதரர்களை இப்படிப் பேச உங்களுக்கு என்ன தகுதி? ஒரு டாலர் எங்காவது கொடுத்திருக்கிறீர்களா?

தராசு:
கொடுத்ததைச் சொல்லிக் காட்டும் வழக்கம் எனக்கு இல்லை. உங்கள் தர்மப் பையிலும் மூடிய கைதானே?

கணக்கன்:
அந்த ஐந்தாம் பகுதியை இங்கே போட்டால் என் கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

கவராயம்:
எங்கள் ஏடுகளைப் பொதுவெளியில் பரப்ப எனக்கு அதிகாரம் இல்லை. பத்திரத்தில் உள்ள வரியை மட்டும் மறுபடி சொல்கிறேன்: அசலைத் தொடக் கூடாது.

தராசு:
தொடக் கூடாது. சரி. குறையாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

இரவுப்பணி:
அந்தப் பெரியவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதலாம் என்று வந்தேன். இங்கே யாருக்கும் அது வேண்டியதில்லை என்று தெரிகிறது.

தராசு:
எழுதுங்கள் அம்மா, நான் படிப்பேன். கவராயம், பதில் இன்னும் வரவில்லை.