பிடித்த கேம் இசை எந்த வகை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பட்டர்வொர்த், பினாங்கு:

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. மணிக்கணக்குக்கு மலேசிய வெள்ளி கொடுத்து விளையாடுவோம். அங்கே என்னைப் பிடித்துக்கொண்டது ஏப் எஸ்கேப். 1999-ல் வந்த பிளேஸ்டேஷன் கேம், இரண்டு ஸ்டிக் உள்ள கன்ட்ரோலர் இல்லாமல் ஆடவே முடியாது. வலது ஸ்டிக்கை அசைத்து வலை வீசிக் குரங்குகளைப் பிடிக்க வேண்டும். எனக்குக் குரங்கைவிடப் பின்னணி இசைதான் முக்கியம். ஆடாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் பின்னால் காத்திருக்கும் பையன் கத்துவான்.

கடையில் அதை எல்லாரும் டெக்னோ என்பார்கள். மெஷின் சத்தத்தில் வேகமாக எது ஓடினாலும் அப்போது டெக்னோதான். பிறகு யூடியூப் வந்து, டெக்னோ என்று தேடிப் பார்த்தால் கிடைத்ததெல்லாம் டும் டும் டும் டும் என்று நேராகப் போகிற சரக்கு. என் குரங்குப் பாட்டு அதில் எதோடும் ஒட்டவில்லை.

பெயரைச் சொன்னவர் என் அத்தை மகன். கோலாலம்பூரில் கல்யாண விருந்துகளுக்கு டிஜே வேலை பார்ப்பவர். தீபாவளிக்கு இங்கே வந்திருந்தபோது மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து போனில் போட்டுக் காட்டினேன். "மெலடியை விடுடா. டிரம்ஸ் போகிற வேகத்துக்கு மேசையில் தட்டு" என்றார். தட்டினேன், விரல் வலித்தது. "இப்ப அடியில் உறுமுகிற பாஸுக்குத் தட்டு." சரியாகப் பாதி வேகம்! நான் கோயில் வகுப்பில் மிருதங்கம் படித்தவன், எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பாஸ் கீழ்காலத்தில் சாவகாசமாக நடக்கிறது, டிரம்ஸ் அதன் தலைக்கு மேல் மேல்காலத்தில் கொட்டித் தீர்க்கிறது. தே தாரேக் டீ ஆறிக்கொண்டிருந்தது, நாங்கள் இரண்டு பேரும் தட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசைக்காரர் முறைத்தார்.

"இதுக்குப் பேர் ஜங்கிள். அதுவே கொஞ்சம் மாறி டிரம் அண்ட் பாஸ் ஆச்சு. 90-களின் தொடக்கத்தில் லண்டனில் கிளம்பியது" என்றார். குரங்கு கேமுக்கு ஜங்கிள் என்றதும் கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன்.

கிண்டல் இல்லை. டான்ஸ் கிளப்பில் போடும் ஹவுஸ் இசை நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 130 அடி. ஜங்கிள் 160-ஐத் தாண்டும். அதைவிட முக்கியம், கிக், அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம், ஹவுஸில் போல நேராக விழாது, உடைந்து உடைந்து விழும். இந்த உடைசலின் மூலம் பெரும்பாலும் ஒரே இடம்: தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 1969 இசைத்தட்டில் வரும் சில விநாடி டிரம்ஸ். லண்டன் பையன்கள் அதை சாம்ப்ளர் என்ற ஒலித்துண்டு வாசிக்கும் மெஷினில் ஏற்றி, வெட்டி, மாற்றி அடுக்கி, வேகத்தைக் கூட்டி, ஒரு இசை வகையையே கட்டிவிட்டார்கள். அடித்தவர் கிரிகரி கோல்மன். அதற்கென்று ஒரு காசு ராயல்டி பார்க்காமல் 2006-ல் இறந்துபோனார். எனக்கு இந்தக் கதையில் பிடிக்காத பகுதி அதுதான்.

கேமுக்கு இசையமைத்தவர் சொய்ச்சி தெராடா. தோக்கியோவில் ஹவுஸ் இசை செய்துகொண்டிருந்தவர், அந்தச் சமயத்தில் ஜங்கிள் பக்கம் சாய்ந்திருந்தார். அதனால்தான் டிரம்ஸ் அவ்வளவு ஆவேசமாக இருந்தும் மேலே வரும் கீபோர்டு முரடாக இல்லை. ஹவுஸ்காரரின் கை அது.

செந்தூல், கோலாலம்பூர்:

அண்ணா, எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தமிழ்ப்பள்ளி முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் புறப்பாட நடவடிக்கைக்கு கமெலான் என்ற வெண்கல வாத்தியக் குழுவில் சேர்ந்தேன். குழுவில் நான் ஒருத்திதான் தமிழ்ப்பிள்ளை. எனக்குக் கிடைத்தது கெரோமோங். வரிசையாகக் கவிழ்த்து வைத்த சின்னச் சின்ன வெண்கலக் குடங்கள், நூல் சுற்றிய இரண்டு குச்சி. அடித்த கை அடுத்த அடிக்கு நகரும்போதும் முந்தின ஒலி அடங்காமல் நிற்கும். அந்த மிச்ச ஒலி காதில் பழகிவிட்டால் அப்புறம் எங்கே கேட்டாலும் தெரியும்.

வீட்டில் அண்ணன் எமுலேட்டரில், அதாவது பழைய கேம் மெஷினைக் கணினியில் பாவிக்கும் மென்பொருளில், சீக்ரெட் ஆஃப் மானா ஆடுவான், 1993 கேம், இசை ஹிரோகி கிகுதா. கடைசிப் பகுதி சண்டை ஒன்றில் திடீரென்று வெண்கலம் வெடித்தது. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடினேன். கமெலான்! ஆனால் எங்கள் பள்ளியில் வாசிப்பது இல்லை. நாங்கள் வாசிப்பது பகாங், திரெங்கானு அரண்மனைகளிலிருந்து வந்த மலாய் கமெலான், நிதானமானது, நடனத்துக்குத் துணை போவது. இதில் இருந்த அவசரமும் சட்டென்று திரும்புகிற திருப்பமும் பாலித் தீவுக்காரர்களுடையது. அங்கே இரண்டு பேர் ஆளுக்குப் பாதி ஸ்வரமாகக் கோத்து வாசித்து, தனி ஆளால் முடியாத வேகத்தைக் கொண்டுவருவார்கள்.

அந்தக் கேம் முதலில் ஓடிய சூப்பர் நிண்டெண்டோ மெஷினில் ஒலிக்கு இருந்த மெமரி மொத்தம் 64 கிலோபைட், ஒரே நேரத்தில் எட்டு ஒலிதான் வரும். அதற்குள் ஒரு வெண்கலக் குழுவையே நுழைத்திருக்கிறார் மனிதர். அண்ணனுக்கு என்ன, சண்டையில் தோற்றதுதான் கவலை.

ஜார்ஜ்டவுன்:

பட்டர்வொர்த் அண்ணன் சொன்ன மேசைத் தட்டு சோதனையை ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2-க்குச் செய்து பார்த்தேன். யூசோ கொஷிரோ, 1992. முதல் கட்டத்துப் பாட்டில் கிக் நாலும் நேராக விழுகிறது. ஹவுஸ், சந்தேகமே இல்லை. ஆனால் கேம் முழுக்க அப்படி இல்லை லா, இன்னொரு கட்டத்தில் கரடுமுரடான டெக்னோவாகப் போகிறது. அதனால் கேம் பெயரைச் சொல்லி வகை கேட்காமல், எந்தக் கட்டத்துப் பாட்டு என்று சொல்லிக் கேட்பது நல்லது.

என்னிடம் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. ரிட்ஜ் ரேசர் டைப் 4, 1998. பல பேர் ஆசிட் ஜாஸ், அதாவது டான்ஸ் பீட் கலந்த ஜாஸ், என்கிறார்கள். கீபோர்டு ஜாஸ்தான், ஒத்துக்கொள்கிறேன். கீழே ஓடுகிற பீட் சில பாட்டில் என் காதுக்கு முழு ஹவுஸ், இன்னும் சிலதில் அண்ணனுடைய டிரம் அண்ட் பாஸ். செந்தூல் அக்கா, நீங்களும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், மெனுவில் வரும் பாட்டிலிருந்தே தொடங்கலாம்.