கட்டி 8 மி.மீ. தான், காது பாதி போச்சு

சத்தம் கேக்குது, வார்த்தை புரியல. ரெண்டு வருஷமா நான் சொன்னது இதேதான். மாம்பலம் ஸ்டேஷன்ல நின்னு போனை இடது காதுல வெச்சா அம்மா குரல் வெறும் கரகரப்பு. வலது காதுக்கு மாத்தினா, "வரும்போது தயிர் வாங்கிட்டு வாடி." முதல் டாக்டர் குறும்பின்னு கழுவி விட்டார். அடுத்தவர் வயசுன்னார். எனக்கு 43. வயசுன்னா ரெண்டு காதும் சேர்ந்துதானே மங்கணும்?

மூணாவதா பார்த்த ஈஎன்டி டாக்டரம்மா ஆடியோகிராம், அதாவது எவ்வளவு சின்ன சத்தம் வரை கேக்குதுன்னு வரைபடமா காட்டுற டெஸ்ட், எடுக்கச் சொன்னாங்க. அதுல கோடு அவ்வளவு மோசமில்ல. ஆனா வார்த்தையைக் கேட்டுத் திருப்பிச் சொல்ற டெஸ்ட்ல இடது காது மொத்தமா சொதப்பிடுச்சு. உடனே காண்ட்ராஸ்ட் ஊசியோட எம்ஆர்ஐ. வெஸ்டிபுலர் ஷ்வானோமா. கேக்குறதுக்கும் பேலன்ஸுக்கும் உள்காதுலேர்ந்து மூளைக்குப் போற எட்டாவது நரம்போட உறையில வளர்ற கட்டி, கேன்சர் இல்ல.

"இத்துனூண்டுக்கா இவ்வளவு காது போகும்?"னு கேட்டேன். ஸ்க்ரீன்ல, உள்காதுல சத்தத்தை வாங்குற ரெண்டு காக்ளியாவையும் பெருசாக்கிக் காட்டினாங்க, நத்தை ஓடு மாதிரி. ஃப்ளேர்னு எம்ஆர்ஐல ஒரு வகைப் படம். அதுல நல்ல காதோட உள்நீர் கறுப்பு, கட்டிப் பக்கம் வெளுப்பு. அந்த நீர்ல புரதம் கூடினா அப்படித் தெரியுமாம். நரம்பு நசுங்குறது மட்டுமே காரணமில்ல, கட்டி அளவை வெச்சு காதைக் கணக்குப் போட முடியாதுன்னாங்க. இப்போ ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன். கட்டி வளராம இருந்தும் காது குறையலாம்னு இப்பவே சொல்லிட்டாங்க.

ஒரு சந்தேகம். உஸ்மான் ரோட்டுல ஹார்ன் எந்தப் பக்கம் அடிக்குதுன்னே தெரியல. நீங்கள்லாம் எப்படிச் சமாளிக்கிறீங்க?

—

அக்கா, எங்க அப்பாவுக்கு 26 மி.மீ. ஆபரேஷன் வரைக்கும் போன் நல்லாத்தான் பேசினார்! கண்ணை மூடி தலைக்குத் தண்ணி ஊத்தும்போது ஒரு பக்கமா சாய்வார், அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம். ஆபரேஷன்ல முகநரம்பு தப்பிச்சுது, காது தப்பல.

—

எனக்கு ஒருநாள் காலைல திடீர்னு காது அடைச்சுது. ஸ்டீராய்டு கொடுத்ததும் முக்கால்வாசி திரும்பிடுச்சு. அப்புறம் எதுக்கு எம்ஆர்ஐன்னு வீட்ல ஒரே சண்டை. டாக்டர் விடல. எடுத்தா 5 மி.மீ. கட்டி.

ரோட்டுக்கு: காதை நம்பாதீங்க, ரெண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பாருங்க. கூட வர்றவங்களை வலது பக்கம் நடக்கச் சொல்லுங்க. என் வீட்டுக்காரர் ஆறு மாசம் கழிச்சும் மறந்துட்டு என் கேக்காத பக்கம்தான் வர்றார்.