மேட்டுப்பாளையம் பக்கம் பழைய தொட்டிக்கட்டு வீடு: அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கோணும்?

கேட்பவர்: நொய்யல்கரை (பதில் சொல்றவங்க: மோட்டுவளை, கிரையப்பத்திரம், அடிவாரம். எல்லாம் புனைபெயருங்க)

வணக்கமுங்க. காரமடைக்கு மேற்கே மலையடிவாரத்துல ஒரு தொட்டிக்கட்டு வீடு விலைக்கு வந்திருக்குது. 38 சென்ட் எடம், ரெண்டு பலாமரம், பக்கத்துத் தோட்டத்துக்கும் சேர்ந்த கிணறு. முன்னால திண்ணை, உள்ள ஆசாரம் (கூடம்), நடுவுல தொட்டி (வானம் பாத்த முற்றம்), சுத்தியும் தாழ்வாரம், நாலு ரூம். கூரை சீமை ஓடு (மங்களூர் ஓடு). விட்டம் தேக்கு, ஓட்டைத் தாங்கற சரிவுக் கைமரம் பனை. சுவர் ஒண்ணரை அடி கனம். கீழ மூணடி உயரத்துக்குப் பின்னாடி யாரோ சிமெண்ட் பூசியிருக்காங்க. அதுக்கு மேல சுண்ணாம்புக் காரை உப்புப் பூத்து உதிருது. விக்கறவங்க அண்ணன் தம்பி மூணு பேர். பட்டா மூத்தவர் பேர்ல மட்டும் இருக்குது, பாகம் வாய்மொழியா ஆச்சுங்கறாங்க. இடிக்கற எண்ணமே இல்லீங்க. செப்பனிட்டு அப்படியே குடியிருக்கோணும். எதை எதைப் பாக்கறது?

மோட்டுவளை:

மொதல்ல தொட்டியோட நாலு மூலையைப் பாருங்க. ரெண்டு பக்கத்துக் கூரையும் ஒண்ணா எறங்கற எடம் அது, மழைத்தண்ணி பூராவும் அங்கதான் கூடி ஓடும். ஓட்டுக்கு அடியில தகரம் விரிச்சிருப்பாங்க. தகரம் துருவேறி ஓட்டை விழுந்தா வெளிய ஒண்ணும் தெரியாது, கீழ இருக்கற மூலைக் கைமரம் பஞ்சாட்டம் ஆயிருக்கும். ஏணி போட்டு, ஒவ்வொரு மூலையிலயும் நாலஞ்சு ஓடுகளை எடுக்கச் சொல்லி, மரத்துல திருப்புளியை அழுத்திப் பாருங்க. சுலபமா உள்ள போச்சுன்னா அந்த மரத்தை மாத்தித்தான் ஆகோணும்.

பனங்கைக்கு இன்னொரு சோதனையும் வேணும். வெளிப்புறம் வைரம் (கெட்டி மரம்), உள்ள சோறு (மெத்துனு இருக்கற பகுதி). கரையான் சோத்தை மட்டும் தின்னுட்டு வைரத்தைத் தோல் மாதிரி விட்டு வைக்கும். பாக்கறதுக்குக் கருகருன்னு திடமா நிக்கும். சுத்தியில தட்டிக்கிட்டே போங்க. கணீர்னு கேக்கற மரம் நல்ல மரம், பொத்துன்னு கேட்டா உள்ள காலி. விட்டத்துல நடுப்பகுதி பெரும்பாலும் கெடாது. முனை சுவருக்குள்ள போற எடத்துலதான் ஈரம் ஏறும். முனை மட்டும் போயிருந்தா பக்கவாட்டுல அதே கனத்துல மரம் வச்சு போல்ட் போட்டு முடுக்கலாம், முழு விட்டமும் போயிருந்தா விலையைத் திரும்பப் பேசுங்க.

ஓடு 100 சதுர அடிக்கு 140-லேர்ந்து 150 வரைக்கும் பிடிக்கும். ஓட்டைத் திருப்பி, அடியில இருக்கற கம்பெனி முத்திரையைப் பாருங்க. மங்களூர்ல பாசல் மிஷன்ங்கற கிறிஸ்தவ அமைப்பு 1865-ல ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கின பிறகு பல கம்பெனிகள் வந்துச்சு. ஒண்ணோட வரிப்பள்ளம் இன்னொண்ணுக்குச் சரியா உக்காராது. கலந்து போட்டா இடைவெளியில மழை அடிக்கும். முத்திரையை வச்சு வீட்டு வயசைச் சொன்னா நம்பாதீங்க, பழைய ஓட்டை வாங்கிப் போடறது எப்பவும் வழக்கம்.

அந்த மூணடி சிமெண்ட்தான் சுவரைக் கெடுக்குது. தரையிலிருந்து ஏறற ஓதம் காரை வழியா வெளிய போகோணும். சிமெண்ட் வழியை அடைச்சதால அதுக்கு மேல ஏறி உப்பாப் பூக்குது. சிமெண்டை முழுசும் கொத்தி எடுத்துட்டு, ஒரு கோடைக்காலம் சுவரைக் காய விடுங்க. அப்புறம் 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு ஆத்து மணல், கடுக்காய் ஊறின தண்ணி. ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல பூசாதீங்க, வெடிக்கும். சுண்ணாம்பு காத்துல இருந்துதான், அதுவும் ஈரம் இருக்கறப்பத்தான் மெதுவா இறுகுது, அதனால ஒரு வாரமாவது ஈரச் சாக்கு போட்டு வெயில் படாம வைக்கோணும். வெளிப்பூச்சுக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாமுங்க, சுண்ணாம்பே அடிங்க.

தொட்டியில பத்து குடம் தண்ணி ஊத்திப் பாருங்க. சலதாரை வழியா வெளிய வரலீன்னா, அடைப்பா, இல்லை அஸ்திவாரத்துக்குள்ள எறங்குதான்னு பாக்கோணும்.

கிரையப்பத்திரம்:

வீடு நல்லா இருக்கலாம், காகிதம் இன்னும் நல்லா இருக்கோணும். மூத்தவர் பேர்ல பட்டா இருக்குதுங்கறதுக்காக அவர் மட்டும் வித்துர முடியாது, பட்டா உரிமைப் பத்திரம் கிடையாது. வாரிசுச் சான்று கேளுங்க. முக்கியமா அக்கா தங்கச்சிங்க இருக்காங்களான்னு பாருங்க. பூர்வீகச் சொத்துன்னா தமிழ்நாட்டுச் சட்டத்துல 25.3.1989-லேயே அப்ப கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு பங்கு வந்திருச்சு. 2005 மத்தியத் திருத்தத்துக்கு அப்புறம் எல்லாப் பொண்ணுக்கும் சமபங்கு. அப்பா உயிரோட இருந்திருக்கோணும்ங்கற நிபந்தனை இல்லீன்னு 2020-ல உச்ச நீதிமன்றமும் சொல்லியிருச்சு. வாய்மொழிப் பாகத்தை நம்பிப் பணம் கொடுக்காதீங்க. பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டுக்கட்டும், இல்லீன்னா எல்லாரும் சேர்ந்து கிரையம் எழுதிக் கொடுக்கட்டும்.

வில்லங்கச் சான்று ஆன்லைன்ல 1975-லேர்ந்து கிடைக்கும், அதுக்கு முந்தின மூலப்பத்திரங்களைக் கையில கேளுங்க. எடம் நத்தமா (குடியிருப்பு நிலம்), புஞ்சையாங்கறதை அ-பதிவேட்டுல (கிராமத்து நில விவரப் பதிவேடு) பாருங்க. புலப்படத்தை (நில அளவை வரைபடம்) வச்சு சர்வேயரை அளக்கச் சொல்லுங்க, 38 சென்ட்டுல எத்தனை நிஜமா இருக்குதுன்னு அப்பத்தான் தெரியும். கிரைய ஒப்பந்தம் 1.12.2012-லேர்ந்து பதிவு செஞ்சே ஆகோணும், வெறும் ஸ்டாம்ப் பேப்பர் போதாது. கிரையத்துக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 சதவீதம். இதையும் விலையோட சேத்துக்குங்க.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க. கிணத்துக்கும் வழிக்கும் பத்திரத்துல என்ன எழுதிக்கறது? வீட்டுக்குப் போற வழி அவங்க தோட்டத்துக்குள்ளதான் போகுது.

கிரையப்பத்திரம்:

கேட்டது நல்லதுங்க, கொங்குல சண்டை வர்றதே அதுலதான். "கிணத்துல 4-ல் 1 பாகமும், மாமூல் வண்டித்தட பாத்தியமும்" (வழக்கமா வண்டி போற வழிக்கு உரிமை) அப்படின்னு எழுதினா மட்டும் போதாது. தடம் எத்தனை அடி அகலம், எந்த சர்வே எண்ணுல எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு வரைபடத்தோட சேருங்க. 12 அடிக்குக் குறைஞ்சா ஓடு ஏத்தின லாரி வர்றது சிரமம். கிணத்துல தண்ணி எடுக்கற முறை, மோட்டார் வைக்கற எடம், குழாய் போற வழி மூணையும் எழுதுங்க. இலவச விவசாய மின்சாரம் வீட்டுக்கு உதவாது, வீட்டுக்குத் தனி இணைப்பு இருக்குதான்னு பாருங்க.

அடிவாரம்:

கோவை மாவட்டத்துல மலையடிவார ஊர்கள் பலதும் மலையிடப் பாதுகாப்பு (HACA) விதிகளுக்கு உட்பட்டது. உங்க ஊர் பட்டியல்ல இருக்குதான்னு நகர் ஊரமைப்பு அலுவலகத்துல கேளுங்க. செப்பனிடறதுக்கும், கூட ஒரு ரூம் எழுப்பறதுக்கும் அனுமதி வேறயாகும். வன எல்லை எத்தனை தூரம்னு வனச்சரக அலுவலகத்துலயும் கேட்டுக்குங்க.

பலாமரம் ரெண்டும் சுவர்லேர்ந்து எத்தனை அடி தள்ளி இருக்குதுங்க? கல்லாறு பக்கம் யானை வழித்தடம் போகுது. பழம் பழுத்த வாசத்துக்கு யானை வந்தா, மரத்துப் பக்கத்துல இருக்கற சுவர்தான் மொதல்ல போகும். காயை முத்தறதுக்கு முன்னாடியே எறக்கீரோணும். உப்பு, அரிசி, வெல்லம் எதையும் வெளிச்சுவர் ஓரத்து ரூம்ல வைக்காதீங்க. நேரடி மின்வேலி சட்டப்படி குத்தம், சூரியசக்தி வேலின்னாலும் வனத்துறைகிட்டக் கேட்டுட்டுப் போடுங்க.

மோட்டுவளை:

இன்னொண்ணு: ஐப்பசி மழையில, பேசி முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிருங்க. பகல்ல, மழை பெய்யும்போதே. தொட்டி மூலையில எங்க சொட்டுதுன்னு சாக்பீஸ்ல சுவர்ல குறிச்சுட்டு வாங்க, ஓடு எடுத்துப் பாக்கறப்ப அந்தக் குறிக்கு நேர் மேலயும், அங்கிருந்து கூரையோட மேட்டுப் பக்கமும் தேடுங்க.